சந்தேகமின்மைச் சான்றிதழ்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் தெருத் தையற்காரருக்கு நல்ல வெளிச்சத்தில் இருப்பதும் பேய்தான். மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவர் கதவைத் தட்டினால், தையல் இயந்திரத்தின் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்து நிற்பார். வங்கியில் யாராவது "சார்" என்று கூப்பிட்டால் வேறு யாரையோ என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். முத்திரை குத்திய காகிதம் எதைக் கண்டாலும் இரண்டடி தள்ளி நிற்பார். அப்படிப்பட்டவர் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடக் கிளம்பினார். அதற்குக் காரணம் துணிச்சல் இல்லை, அதைவிடப் பெரிய இன்னொரு பயம்.

கண் மங்கிக்கொண்டு வந்தது. ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை, நான்கு தடவை ஆயிற்று. கண் மருத்துவர் இரண்டு வருஷம் தாங்கும் என்றார். மூன்றாவது வருஷத்தைப் பற்றிக் கேட்டபோது அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். முப்பது வருஷம் தைத்துச் சேர்த்தது மொத்தமும் ஒரு தகரப் பெட்டியிலும் ஒரு வங்கிப் புத்தகத்திலும் இருந்தது. அதைப் போட்டு ஒரு சின்ன வீடு வாங்கினால், மூன்றாவது வருஷத்திலிருந்து அந்த வாடகையில் புருஷனும் பெண்டாட்டியும் சாப்பிடலாம். கணக்கு அவ்வளவுதான். அதில் கரணம் தப்பினால் மரணம்.

வீட்டைக் காட்டியவர் ஒரு தரகர். எந்தப் பேச்சையும் "கவலைப்படாதீங்க" என்று முடிப்பதால் எங்கள் பக்கத்தில் அவருக்கு அதுவே பெயர். "இன்னொரு ஆள் காலையிலேயே வந்து பாத்துட்டுப் போயிருக்கார்" என்று அவர் சொன்ன அன்றே தையற்காரர் தம் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுத்துவிட்டார். மறுநாள்தான் வீட்டைப் பார்க்கப் போனார். முதல்முறை வாங்குகிறவர்கள் எல்லாரும் இந்த வரிசையில்தான் செய்கிறார்கள். முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுப்பது, ஒருமுறை பட்டவர்கள் செய்கிற வேலை. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் பத்திரம் பதியாவிட்டால் முன்பணம் திரும்ப வராது என்று ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. சின்ன எழுத்தைத்தான் அவரால் படிக்க முடியாதே.

முன்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஓர் அறை. பின்னறைக் கதவில் பூட்டு இல்லை. ஆனால் தள்ளினால் திறக்கவில்லை. அவர் இன்னொரு தடவை தள்ளியபோது உள்ளே யாரோ இருமினார்கள்.

"உள்ள யாரு?" என்றார் தையற்காரர். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"காத்து சார். கவலைப்படாதீங்க."

"காத்து இருமுமா?"

"பழைய வீடு சார். பழைய காத்து."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் பொத்தான் துளை தைப்பதில் கெட்டிக்காரி. வேலையை நிறுத்தாமல், "காத்து வாடகை குடுக்குமா?" என்று கேட்டாள். பிறகு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இருமினது யாருன்னு தெரியாம மிச்சப் பணத்துல ஒத்தக் காசு இந்தப் பெட்டியை விட்டு வெளிய வராது. போய்க் கேளுங்க."

"யாரைக் கேக்கறது?"

"கேக்கறதுக்குன்னே ஒரு ஆபீஸ் வெச்சிருக்காங்க இல்ல?"

வைத்திருக்கிறார்கள்தான். முதல் சொத்து வாங்குவோர் ஐயம் தீர்க்கும் நிலையம் என்று அதற்குப் பெயர். எனக்கு அந்த நிலையத்தின் மேல் சொந்தக் கோபம் எதுவும் இல்லை. அங்கே நான் ஏழு மாதம் நடந்தேன், இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்தது, அவ்வளவுதான். முன்னொரு காலத்தில் முதல்முறை சொத்து வாங்குகிறவர்கள் கூட்டம் கூட்டமாக ஏமாந்தார்களாம். ஒரு குழு போட்டு விசாரித்ததில், ஏமாந்த எல்லாருக்கும் வாங்கும்போதே மனத்தில் ஏதோ ஒரு சந்தேகம் இருந்தது தெரியவந்தது. ஆக, ஏமாற்றத்துக்குக் காரணம் சந்தேகம். சந்தேகத்தை ஒழித்தால் ஏமாற்றம் ஒழியும். அன்றிலிருந்து இந்த நிலையம் கொடுக்கும் சந்தேகமின்மைச் சான்றிதழ் இல்லாமல் முதல்முறை வாங்குகிற யாரும் பத்திரம் பதிய முடியாது.

திங்கட்கிழமை காலையில் தையற்காரர் போனார். சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தகரப் பெட்டியின் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு போனார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவருக்குச் சாவி மட்டுமே போதுமானதாக இருந்தது.

பெரிய கூடம். நாற்பது நாற்காலி. ஒவ்வொருவர் கையிலும் பச்சை அட்டைப் புத்தகம். அதில் முதல்முறை வாங்குகிறவர்கள் கேட்கக்கூடிய கேள்விகள் முப்பத்திரண்டும் அச்சிட்டிருந்தன. அவரவர் முறை வரும்போது கேள்வியை உரக்கப் படிக்க வேண்டும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் அம்மையார் விடையைப் படிப்பார். அவருடைய குரல் இஸ்திரி போட்ட துணிபோல ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தது.

"கேள்வி ஒண்ணு," என்று எழுத்துக் கூட்டினார் தையற்காரர். "வீடு வாங்க இது ஏற்ற காலமா?"

"பொறுத்தது."

"கேள்வி ரெண்டு. எந்தப் பகுதியில் வாங்குவது நல்லது?"

"பெரிதும் பொறுத்தது."

"கேள்வி மூணு. கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?"

"முழுக்க முழுக்கப் பொறுத்தது."

"எதைப் பொறுத்ததுங்க?"

அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். "அது முப்பத்துமூணாவது கேள்வி. புத்தகத்துல முப்பத்திரண்டுதான் இருக்கு. அடுத்தது படிங்க."

இந்த மூன்று விதமான பொறுத்தலையும் வகுத்துக் கொடுக்க நிபுணர் குழு நான்கு வருஷம் உட்கார்ந்தது என்று பின்னட்டையில் போட்டிருந்தது. எல்லா விடையும் அப்படியில்லை. வாடகைக்கு இருப்பவர் வாடகை தராவிட்டால்? பொறுமை வேண்டும். காலி செய்ய மறுத்தால்? அதிகப் பொறுமை வேண்டும். கூரை ஒழுகினால்? எல்லா மழையும் ஒரு நாள் நிற்கும். சொன்ன விலை நியாயமான விலைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாங்கிய பிறகு தெரியும். முப்பத்திரண்டும் முடிந்ததும் அம்மையார் கையில் முத்திரையை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"இனிமே சந்தேகம் ஏதாவது இருக்கா?"

இந்த இடத்தில் எல்லாரும் "இல்லை" என்பார்கள். அந்த வார்த்தைக்காகவே முத்திரை பாதி வழி இறங்கியிருந்தது. தையற்காரர் மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குங்க."

பக்கத்து நாற்காலிக்காரர் தம் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அம்மையார் முத்திரையைத் திரும்ப மைப்பெட்டியில் வைத்து மூடினார். "முதல்ல பயப் பிரிவுக்குப் போங்க," என்றார். "அங்க அளந்துட்டுத்தான் மத்ததெல்லாம்."

பயப் பிரிவில் ஒரு தராசு இருந்தது, தங்கம் நிறுக்கிற தராசு. வந்தவர் உள்ளங்கையில் மை ஒற்றும் தாளை வைத்து இரண்டு நிமிஷம் மூடிக்கொள்ள வேண்டும். அப்போது வீட்டுப் பத்திரத்தின் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டுவார்கள். பிறகு தாளை நிறுத்துப் பார்ப்பார்கள். வியர்வையின் எடைதான் பயத்தின் எடை.

"பயமே இல்லாதவன் கண்டதை வாங்குவான்," என்று நிறுவை ஊழியர் விளக்கினார். நல்ல மனிதர். "பயம் ஜாஸ்தியானவன் எதையும் வாங்க மாட்டான். வாங்காத ஆளை வெச்சுக்கிட்டு நாங்க என்ன செய்யறது? அதனால நாலு கிராமுக்கு மேல இருக்கணும், ஏழு கிராமுக்குக் கீழ இருக்கணும். அதுதான் ஆரோக்கியமான பயம்."

தையற்காரரின் தாள் பதினொரு கிராம் இருந்தது.

"இந்த வருஷத்துலயே இதுதான் அதிகம்," என்றார் ஊழியர் ஒரு மரியாதையுடன். "அந்தச் சுவர்ல இருக்கற படங்களைக் கொஞ்ச நேரம் பாருங்க. இறங்கும்."

சுவர் முழுக்க, சான்றிதழ் வாங்கி வீடு வாங்கியவர்களின் புகைப்படங்கள். எல்லாரும் அவரவர் வீட்டு வாசலில் நின்று சிரித்தார்கள். தையற்காரர் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரித்தவர்கள் எல்லாருமே ஒரு கையால் கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தார்கள். நகம் வெளுக்கிற அளவுக்குப் பிடித்திருந்தார்கள். மறுபடி நிறுத்தபோது தாள் பதினான்கு கிராம் ஆகியிருந்தது.

ஊழியர் பெருமூச்சு விட்டார். தையற்காரரின் கையைத் தம் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்து, புதுத் தாளை வைத்த உடனே எடுத்து, ஆறு கிராம் என்று எழுதிக்கொண்டார். "ஆறு நல்ல எடை. எல்லாருக்கும் ஆறுதான் போடறது," என்றார்.

புதுக் கேள்விப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கே ஒரே ஓர் அதிகாரி. பத்தொன்பது வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். இதுவரை ஒரு கேள்வியும் படியேறி வந்ததில்லை. தையற்காரர் சொன்னதைக் கேட்டதும் அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இந்தக் கேள்வி உங்களுக்கு எங்க கெடைச்சுது?"

"எனக்கேதாங்க வந்துது. யாரோ இருமினாங்க, அதான்."

"இப்படிச் செய்வோம். பதினாலாவது கேள்வி, 'ஒரு வீட்டில் எத்தனை அறைகள் இருப்பது நல்லது?' அதுவும் அறையைப் பத்தினதுதான். அதையே உங்க கேள்வியா வெச்சுக்கலாமே? விடைகூட இருக்கு."

"அறை எத்தனைன்னு தெரியுதுங்க. உள்ள யாருன்னுதான் தெரியல."

"இருமலைப் பத்திப் புத்தகத்துல எதுவுமே இல்லையே," என்றார் அதிகாரி. அவர் குரலும் நடுங்குவதைத் தையற்காரர் கவனித்தார். அது அவரை இன்னும் பயமுறுத்தியது. அதிகாரி தடித்த விதிநூலை எடுத்து, தூசி தட்டி, வெகுநேரம் புரட்டி, கடைசியில் முகம் தெளிந்தார். "இருக்கு. விதி நாப்பத்தொண்ணு. புதுக் கேள்வி கொண்டுவந்தவரே விடையையும் கொண்டுவரணும். நாங்க போய்ப் பாத்தா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும். நீங்க பாத்தா அப்படி இல்ல."

அப்படித்தான் அவர் சட்டையில் 'தற்காலிக விடைகாணும் அலுவலர்' என்ற அட்டையைக் குத்தினார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். முத்திரைக் காகிதத்தைக் கண்டால் நடுங்குகிறவரின் நெஞ்சின் மேலேயே ஒரு முத்திரை ஏறிவிட்டது. வீடு போகும்வரை அவர் குனிந்து அதைப் பார்க்கவே இல்லை.

புதன்கிழமை மத்தியானம் அட்டையைக் குத்திக்கொண்டு போனார். தரகர் அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்று, வாயைத் திறக்காமல் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். பின்னறைக் கதவுக்கு முன்னால் தையற்காரர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது அவருக்கே தெரியாது. உள்ளே யாரோ அடக்கி அடக்கி மூச்சு விடுவது கேட்டது. ஓடிவிடலாமா என்று நினைத்தார். ஓடினால் போகப்போவது முன்பணம். திறந்தால் எது போகும் என்று தெரியாது. கடைசியில் விரலால் தட்டினார்.

"யாரு?"

"நா... நான் அலுவலர். நிலையத்திலேர்ந்து."

உள்ளே ஒரு பெண் "ஐயோ" என்றாள். ஓர் ஆண் குரல் குளறியது: "நாங்க புகார் எதுவும் குடுக்கலையே சார்! யார்கிட்டயும் ஒரு கேள்வி கேக்கலையே!"

தாழ் விலகியது. எட்டுக்குப் பத்து அறை. மூன்று பாய், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். ஒரு செவிலி, ஓய்வுபெற்ற ஒரு லாரி ஓட்டுநர், ரொட்டி அடுப்பில் வேலை செய்கிற ஓர் ஆள். மூவரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மூவரும் நெஞ்சோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிடித்திருந்தார்கள். அதற்குள் இருந்தது சந்தேகமின்மைச் சான்றிதழ்.

"இருமினது நான்தான் சார்," என்றார் ரொட்டிக்காரர். "மாவு நெஞ்சுல தங்கிடுது. இனிமே இரும மாட்டேன்."

பேசப் பேச விஷயம் வெளிவந்தது. இந்த வீட்டைச் செவிலி நான்கு வருஷத்துக்கு முன்னால் வாங்கினார். லாரி ஓட்டுநர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கினார். ரொட்டிக்காரர் எட்டு மாதத்துக்கு முன்னால் வாங்கினார். ஒரே வீடு, ஒரே தரகர். இடத்தை விட்டு வெளியே போனால் அனுபோகம் போய்விடும், அதாவது குடியிருக்கும் உரிமையும் போய்விடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் ஒருவர் வேலைக்குப் போகும்போது மற்ற இருவரும் அறையைக் காக்கிறார்கள். ஒருவரை ஒருவர் நம்பாததால் எப்போதும் இருவர்.

"வீட்டைப் பாக்க ஆள் வந்தா சத்தம் போடாம இருக்கணும்," என்றார் செவிலி. "சத்தம் போட்டா மூணு பேர் பத்திரமும் செல்லாதுன்னு தரகர் சொல்லியிருக்கார்."

"நிலையத்துல போய்ச் சொல்லலாமேம்மா?"

"என்னன்னு சார் சொல்றது? எனக்கு ஒரு சந்தேகமும் இல்லைன்னு அவங்க முன்னாடியே கையெழுத்துப் போட்டிருக்கேன். அப்புறம் ஏமாந்துட்டேன்னு சொன்னா, கையெழுத்து பொய்யான்னு கேக்க மாட்டாங்களா?"

லாரி ஓட்டுநர் தையற்காரரின் அட்டையையும் அவர் நெற்றி வியர்வையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க நெஜமாவே அலுவலரா, இல்ல வாங்க வந்தவரா?"

"ரெண்டும்தாங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, பேருந்தில் இடம் விடுகிறவர்கள் மாதிரி, பாய்களைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். "அந்த மூலை காலியா இருக்கு," என்றார் செவிலி. "ஆனா மழை வந்தா ஒழுகும்."

தையற்காரர் எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று தெரியவில்லை. பேயறைந்தவர்போல வந்து உட்கார்ந்தவரிடமிருந்து மனைவி கல்லில் நார் உரிப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாக வாங்கினாள். அன்றைக்கும் மறுநாளும் அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். மூன்று பேர் இருக்கிறார்கள், மூவரிடமும் உங்கள் சான்றிதழ் இருக்கிறது, நான்காவதாக எனக்கு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று ஓர் அறிக்கையை மூன்று பிரதி எழுதி நிலையத்தில் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இயக்குநர் அவரைத் தம் அறைக்கே கூப்பிட்டார். அறிக்கையை இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது.

"இந்த நிலையம் ஆரம்பிச்சு இருபத்தாறு வருஷம். ஒரு கேள்விக்கு விடை கெடைச்சிருக்கறது இதுதான் முதல் தடவை. உக்காருங்க. இப்ப உங்களுக்குச் சந்தேகம் ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க ஐயா," என்றார் தையற்காரர், நாற்காலியின் விளிம்பில். "ஏமாத்தறாங்கன்னு நல்லாத் தெரிஞ்சுபோச்சுங்க."

"நல்லாத் தெரிஞ்சுபோச்சுன்னா சந்தேகம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"ஆமாங்க, ஆனா..."

"சந்தேகம் இல்லைன்னா சான்றிதழ்." இயக்குநர் தாமே முத்திரையை எடுத்துக் குத்தினார்.

தையற்காரர் சான்றிதழைத் தொடவில்லை. "அந்த மூணு பேரை என்னங்க செய்யப்போறீங்க?" என்று கேட்டார். எப்படிக் கேட்டார் என்பது அவருக்கே ஆச்சரியம்.

இயக்குநருக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோலச் சாய்ந்து உட்கார்ந்தார். "பாருங்க, ஜனங்க தப்பா நினைச்சுக்கறாங்க. யாரும் ஏமாறக்கூடாதுன்னு நாங்க இருக்கோமாம். அது எப்படிங்க முடியும்? ஏமாறுறது அவங்கவங்க சொந்த விஷயம். ஏமாந்தவங்க வந்து எங்க மேல விழக்கூடாது, அதுக்குத்தான் இவ்வளவு பெரிய கட்டடம். முன்னாடி ஒரு நாளைக்கு நாப்பது புகார் வரும். நிம்மதியா ஒரு டீ குடிக்க முடியாது. இப்ப வருஷத்துக்கு ஒண்ணுகூட இல்ல. ஏமாத்தறது நின்னுபோச்சுன்னு நான் சொல்லல. புகார் நின்னுபோச்சு. மேலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். அந்த மூணு பேரும் அமைதியாத்தானே இருக்காங்க? இருமல் ஒண்ணைத் தவிர ஒரு சத்தம் வருதா? இந்தாங்க, இந்தத் தாள்ல மட்டும் ஒரு கையெழுத்து."

'கேள்வி: மூடிய அறையில் யார்? விடை: காணப்பட்டது.' அவ்வளவுதான் தாளில் இருந்தது. யார் என்று அதில் இல்லை. "யாருன்னு எழுத வேண்டாங்களா?" என்றதற்கு, அது அறிக்கையில் இருக்கிறது, அறிக்கை ரகசியம் என்றார் இயக்குநர். பேனாவை நீட்டினார். முத்திரைகள் நிறைந்த மேஜை, பெரிய நாற்காலி, அறைக்கு வெளியே இரண்டு காவலாளி. தையற்காரர் கையெழுத்துப் போட்டார். பயத்தில்தான் போட்டார். வேறு காரணம் தேட வேண்டாம். இயக்குநர் சான்றிதழை அவர் கையில் திணித்து அனுப்பினார்.

படியில் தரகர் காத்திருந்தார். தையற்காரர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "வேண்டாம்னு தோணுதா சார்? தப்பே இல்ல. ஒப்பந்தப்படி நாலு மணிக்கு மேல முன்பணம் எனக்கு. ஆனா நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. வேற ஆள் இன்னைக்கே வாங்கினா உங்க முன்பணத்தை அப்படியே திருப்பித் தந்துடறேன். ஆளும் கூடத்துலயே இருக்காங்க. நீங்க பேசாம மட்டும் இருந்தா போதும். கவலைப்படாதீங்க."

கூடத்தில் இருந்தது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். வேன் சாவியை விரலில் மாட்டியிருந்தாள். முப்பத்திரண்டு கேள்வியும் முடிந்து, ஆறு கிராம் பயமும் பதிந்து, கடைசி முத்திரைக்குக் காத்திருந்தாள். தையற்காரர் கையில் சான்றிதழைப் பார்த்ததும் முகம் மலர்ந்து தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

"முடிச்சுட்டு வர்றீங்களா அண்ணே? எனக்கு முதுகு போச்சு, இனிமே ரொம்ப நாள் வண்டி ஓட்ட முடியாது. அதான் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம்னு. பயப்பட ஒண்ணும் இல்லையே அண்ணே?"

எதிரே தூணில் சாய்ந்து தரகர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் ஒரு பலகை, 'ஒருவர் கேள்விக்கு மற்றவர் விடை கூறுதல் குற்றம்' என்றது. பேசாமல் இருந்தால் முன்பணம் வரும். வாயைத் திறந்தால் மூன்றாவது வருஷத்துச் சோற்றில் மூன்றில் ஒரு பங்கு போகும். அவர் தம் வாழ்க்கையில் அதிகமாகப் பயந்த நேரம் அதுதான். கதவுக்கு முன்னால் நின்றபோதுகூட அவ்வளவு இல்லை.

ஆனால் சொன்னார்.

"அம்மா... வாங்காத. பின்னாடி அறை... காத்து இல்ல. மூணு பேர்... மாவு... இருமறாரு... எனக்கு மூலை... உனக்கு மூலைகூட..." உதடு நடுங்கியது. கையிலிருந்த சான்றிதழ் படபடவென்று அடித்துக்கொண்டது. வியர்வை அவள் புடவையில் சொட்டியது.

அவள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து கண்ணாடித் தடுப்புக்குப் போனாள். "பின்னாடி அறையில யாரோ இருக்காங்கன்னு இந்த அண்ணன் சொல்றாரே?"

சுருக்கமில்லாத குரல் பதில் சொன்னது: "அந்தக் கேள்வி வந்துதும்மா. விடையும் கண்டாச்சு. இப்ப எதுவும் நிலுவையில இல்ல. இதோ பாருங்க, விடை கண்டவர் கையெழுத்து."

அவள் தாளைப் பார்த்தாள். கையெழுத்தைக் காட்டி, "யாரு இது?" என்றாள். அம்மையார் தையற்காரரைக் கையால் காட்டினார்.

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "உங்களுக்கே அந்த வீடு வேணும்னா வேணும்னு சொல்லியிருக்கலாமே அண்ணே. என்னை எதுக்குப் பயமுறுத்தறீங்க?"

"சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்றார் அம்மையார்.

"இல்லை," என்றாள் அவள். அப்போது மணி மூன்றே முக்கால்.

தரகர் சொன்ன சொல் தவறவில்லை. ஐந்தரை மணிக்கு முன்பணத்தை உறையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து, வேன் ஓட்டுகிற பெண் வாங்கிவிட்டதையும் மனைவியிடம் சொன்னார். தையற்காரர் கையை நீட்டாததால் தையல் இயந்திரத்தின் பலகையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு காசு குறையவில்லை என்று மனைவி எண்ணிப் பார்க்காமலே தெரிந்துகொண்டாள். உறை அவ்வளவு கனமாக இருந்தது.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்புறம் எப்படிக் கையெழுத்துப் போட்டா?"

அவள் இயந்திரத்துக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான்தான் அந்தப் பொண்ணுன்னு வெச்சுக்குங்க. அங்க எப்படிச் சொன்னீங்களோ அப்படியே சொல்லுங்க."

அவர் எழுந்து நின்று சொன்னார். பின்னாடி அறை என்றார், காத்து இல்லை என்றார், மாவு என்றார், மூலை என்றார். உதடு நடுங்கிற்று. வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. நெற்றி வியர்வை சொட்டு சொட்டாகப் பணம் இருந்த உறையின் மேல் விழுந்தது. அவள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இப்படியா சொன்னீங்க?" என்றாள். முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். "இப்படிச் சொன்னா நானுந்தாங்க கையெழுத்துப் போட்டிருப்பேன்."